குழி மிஷினோடு 230 கல்லுக்கால்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏறக்குறைய 5 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளவேலா மரம், சுற்றிலும் தாத்தா காலத்து முள்ளுக்கிளுவை வேலி. கிளுவை நன்றாக இருந்தவரை ஆடுகளை உள்ளே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். இரண்டு மூன்று வறட்சியில் வேலி அங்கங்கே பட்டுப்போனது. அந்தச் சந்து வழியாகத் தெருநாய்கள் நுழைந்து ஒரே ராத்திரியில் 7 ஆடுகளைக் கடித்துப் போட்டன. இந்தப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். சரி, இனிமேல் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை அடித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

சுற்றளவை அளந்தால் 1,840 அடி வந்தது. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 230 குழி. ஒவ்வொன்றும் 2 அடி ஆழம். எங்கள் காட்டில் மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, சில இடங்களில் சுக்காங்கல் என்கிற கெட்டிச் சுண்ணாம்புக்கல். கடப்பாரை பிடித்து ஒரு ஆள் நாள் முழுக்க எடுத்தாலும் 12 குழி தாண்டாது. அதுவும் ஆள் கிடைத்தால்.

அதனால்தான் பெட்ரோல் குழி மிஷின் வாங்கினேன். கடைக்காரர்கள் எர்த் ஆகர் என்பார்கள். சுவரில் ஓட்டை போடும் டிரில் மிஷினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 63 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின், அதைச் சுற்றி இரண்டு கைப்பிடி உள்ள ஒரு சட்டம், கீழே கியர் பாக்ஸ், அதில் மாட்டுகிற, மண்ணைக் குடையும் 8 அங்குலத் திருகுப் பிட்டு. பிட்டோடு தூக்கினால் ஒரு மூட்டை சிமென்டில் கால் பங்குக்கு மேல் கனம். கடையில் 5 நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள்: இது சோக், இது ஆக்சிலேட்டர், இது ஆஃப் சுவிட்ச், கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். முடிந்தது பாடம். மிச்சப் பாடத்தை மிஷினே எடுத்தது.

முதல் 13 குழி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. குழிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. 14-வது குழி ஒரு வெள்ளவேலா மரத்துக்கு 10 அடி தள்ளி. முக்கால் அடி இறங்கியிருக்கும், அடியில் ஏதோ டக்கென்று பிடித்தது. அடுத்த நொடி இடதுகைப் பிடி வந்து என் இடது இடுப்பில் இடித்தது. வலது மணிக்கட்டை யாரோ பிடித்து முறுக்கி முன்னால் இழுத்த மாதிரி இருந்தது. கீழே விழுந்த பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரிந்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், கட்டைவிரல் தடிமனில் ஒரு பச்சை வேர். பிட்டின் அலகு அதைப் பாதி வெட்டிவிட்டு அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த கறுப்பு மறைய 3 வாரம் ஆனது. மணிக்கட்டு மழைக் குளிருக்கு இன்றும் ஞாபகப்படுத்துகிறது.

அன்று ராத்திரி வலியில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ஜின் நிமிடத்துக்கு 7,000, 8,000 சுற்று சுற்றும். கியர் பாக்ஸ் அதை 30, 40-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. பிட்டு சுற்றுவது 200 சுற்று சொச்சம். வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, முறுக்கு அத்தனை மடங்கு ஏறுகிறது. இந்த முறுக்கு மண்ணைக் குடைவதில் செலவாகும் வரை பிரச்சினை இல்லை. பிட்டு நின்றுவிட்டால்? என்ஜினுக்கு அது நின்றது தெரியாது. எதையாவது சுற்றியே ஆக வேண்டும். பிட்டு சுற்றாவிட்டால் சட்டம் சுற்றும், சட்டத்தைப் பிடித்திருக்கிற ஆள் சுற்றுவான். கைப்பிடி நுனியில் 30 கிலோவுக்குக் குறையாத தள்ளு வரும் என்று கணக்கு சொன்னது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் அதற்கும் மேலே ஒரு அடி. இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் கீழே சுற்றுகிற பிட்டுக்கு. அடி வந்தது கையில் இருந்த பிடியிலிருந்து.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா பார்க்க வந்தார். அந்தக் காலத்தில் பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை, வைத்து வளர்த்தவர். நான் மிஷினைப் பிடித்து நின்றதை நடித்துக் காட்டச் சொன்னார். கையை நீட்டி, உடம்பைப் பின்னால் தள்ளி, மிஷினுக்கும் எனக்கும் ஒன்றரை அடி இடம் விட்டு நின்று காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஏப்பா, காளையை இப்படித் தள்ளி நின்னு புடிச்சா இழுத்துட்டுப் போயிரும்ல. தோளோட ஒட்டி நின்னு புடிக்கோணும். அது திமிர்றதுக்கு எடம் குடுக்கக்கூடாது."

எனக்கு விளங்கிவிட்டது. பிட்டு மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றுகிறது. அப்படியானால் மிஷின் எதிர்ப்பக்கம் திரும்பும். அதாவது இடதுகைப் பிடி எப்போதும் நம்மை நோக்கித்தான் வரும். இடுப்புக்கும் பிடிக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியில் வேகமெடுத்து வந்து இடிக்கும். இடது தொடையை முதலிலேயே சட்டத்தோடு ஒட்டி வைத்துவிட்டால் வேகமெடுக்க இடமில்லை. இடி வெறும் தள்ளாகிவிடும். தள்ளைத் தொடை தாங்கும். அன்றிலிருந்து இதுதான் என் நிலை: கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி, இடது தொடை சட்டத்தைத் தொட்டுக்கொண்டு. அதன் பிறகு எத்தனையோ வேர், எத்தனையோ கல் மாட்டியது. ஒரு தடவைகூட விழவில்லை.

இன்னொன்று, ஆக்சிலேட்டர். பயந்துபோனால் மனுசன் கை இறுகும். இறுகினால் ஆக்சிலேட்டர் இன்னும் அழுந்தும். 14-வது குழியில் நான் விழும்போதும் என்ஜின் அலறிக்கொண்டுதான் இருந்தது. அலற வைத்தது என் விரல்தான். அதனால் ஒரு பழக்கம் செய்துகொண்டேன். தினமும் வேலை தொடங்குமுன் குழியில் இறக்காமல் மிஷினை ஓடவிட்டு, 'விடு' என்று நானே சொல்லி விரலை எடுப்பேன். பத்துத் தடவை. பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு. சில மிஷின்களில் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே நிறுத்தி வைக்க ஒரு பட்டன் இருக்கும், விரல் வலிக்காமல் இருக்க. குழி எடுக்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். விரலை எடுத்தால் மிஷின் அடங்க வேண்டும், அதுதான் நமக்கு இருக்கிற ஒரே பிரேக்.

விரலை எடுத்தும் பிட்டு சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு கோளாறு. இந்த மிஷினில் கிளட்ச் தானாகப் பிடித்து தானாக விடுகிற ரகம். என்ஜின் வேகமெடுத்தால் பிடிக்கும், ஸ்லோ ஆனால் விடும். ஸ்லோ ஸ்பீடு திருகை ஏற்றி வைத்திருந்தால் கிளட்ச் முழுசாக விடாது. திருகை இறக்கியும் பிட்டு நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கிறது, மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும். அது மாதிரி மிஷினைக் கையில் எடுக்கவே கூடாது. நல்ல மிஷினிலும் சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடி வேகமாக ஓடும், பிட்டு சுற்றலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் யாருடைய காலும் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் மிஷின் சத்தம் கேட்டாலே குழந்தைகள் ஓடி வந்துவிடும். அதனால் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம்.

அடுத்தது லுங்கி. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பிட்டை மிஷினின் தண்டோடு சேர்க்க ஒரு குறுக்கு முள் இருக்கும். அது இரண்டாம் நாளே எங்கோ விழுந்துவிட்டது. கையில் கிடைத்த 3 அங்குல ஆணியைச் செருகி, நுனியை மடக்கி விட்டேன். ஆணித்தலை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தேன். குனிந்தபோது மடிப்பு அவிழ்ந்து தொங்கி, ஆணித்தலையில் மாட்டி, இரண்டு சுற்று சுற்றிவிட்டது. தினமும் பத்துத் தடவை 'விடு' சொன்ன பழக்கம் காப்பாற்றியது. விரலை எடுத்ததும் நின்றது. துணி கிழிந்ததோடு போயிற்று. நடுக்காட்டில் நான் நின்ற கோலத்தைப் பற்றி என் மச்சினன் இன்றும் விருந்துகளில் பேசுகிறான். அதற்கு அப்புறம் பேன்ட், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு கிடையாது. குறுக்கு முள் மட்டும் 4 உபரியாக வாங்கி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் ஆணியோ நீளமான போல்டோ போடாதீர்கள், வெளியே நீட்டுகிற எதுவும் துணியைத் தேடிப் பிடிக்கும்.

குழி எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரே மூச்சில் 2 அடி இறக்க ஆசைப்படக் கூடாது. முதல் 3 அங்குலம் மெதுவாக, முனை நேராக உட்காரும் வரை. அப்புறம் முழு வேகம். பாதி வேகத்தில் பாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்கிச் சூடாகும், கருகிய வாசம் வரும். அரை அடி இறங்கியதும் ஓடவிட்டபடியே மேலே தூக்கி மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். மண்ணைச் சுமந்துகொண்டே இறங்கினால் பிட்டு திருகு மாதிரி இறுகி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி உட்கார்ந்துவிட்டால் என்ஜினை முழுதாக ஆஃப் செய்யுங்கள். பிளக் தொப்பியையும் கழற்றிவிடுங்கள். நான் முதல் தடவை செய்த முட்டாள்தனம், என்ஜினை ஓடவிட்டு இரண்டு பேர் சேர்ந்து மேலே இழுத்தது. மறுநாள் இரண்டு பேருக்கும் இடுப்பு நிமிரவில்லை. சரியான வழி, பிட்டை மட்டும் மிஷினிலிருந்து கழற்றிவிட்டு, தண்டில் பைப் ரெஞ்சு போட்டு எதிர்ப்பக்கம் திருகுவது. திருகாணி கழலுவது போல அதே வழியில் மேலே வந்துவிடும்.

சுக்காங்கல் வந்தால் இந்த மிஷின் உதவாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிட்டு கல்லின் மேல் நின்றுகொண்டு வழுக்கும், அலகு மழுங்கும், அவ்வளவுதான். அப்போது மிஷினைத் தள்ளி வைத்துவிட்டுக் கடப்பாரையால் நாலு குத்துக் குத்தி உடைத்து, மறுபடி மிஷினை இறக்கி அள்ள வேண்டும். என் 230-ல் 60, 65 குழி இப்படிக் கூட்டணி ஆட்சியில்தான் முடிந்தது. சரளை இறுகிக் கிடந்த மேட்டுப் பகுதியில் கடப்பாரையால் குத்தி அடையாளம் வைத்த இடங்களில் முந்தைய நாள் சாயங்காலம் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தோம். காலையில் பாதிப் பாடு குறைந்தது. ஆனால் சேறாகும் அளவுக்கு ஊற்றினால் மண் பிட்டில் அப்பிக்கொண்டு உதிராது.

இந்த மிஷினில் மரக்கன்றுக்கும் குழி எடுக்கலாம். வடக்குப் பக்கம் ஒரு வரிசை வேம்பு வைத்தேன். களிமண் கலந்த இடத்தில் பிட்டு சுற்றிச் சுற்றிக் குழியின் சுவரைப் பானை போல வழவழவென்று மெழுகிவிடும். அதில் கன்றை வைத்தால் வேர் சுவரைத் துளைக்காமல் உள்ளேயே வட்டமடிக்கும். கடப்பாரை நுனியால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட்ட பிறகு நடுங்கள்.

மண்ணுக்குள் என்ன போகிறது என்று தெரியாமல் குழி எடுக்காதீர்கள். நான் சொட்டுநீர் மெயின் பைப்பை ஒரு தடவை அறுத்தேன், 2 மணி நேர வேலை வீண். ஆனால் அதே வரிசையில் 3 அடி தள்ளி போர் மோட்டார் கேபிள் போகிறது என்பதை அப்பா வந்து சொன்ன பிறகுதான் கை நடுங்கியது. கேபிள் எந்த வழியில் புதைத்தோம் என்பது 15 வருடத்துக்கு முன் புதைத்த அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்றே அவரை நடக்க வைத்து, அவர் நடந்த வழியெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கடப்பாரை மட்டும்தான், அதுவும் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு.

இனிப் பெட்ரோல். மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னிடம் கொண்டு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு பெட்ரோலில்தான். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலக்கிற டூ டி ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு. என் மிஷின் புத்தகத்தில் 25-க்கு 1 என்று இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. சில மிஷின்களுக்கு 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி போதும். உங்கள் மிஷின் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது கணக்கில்லை. கண்ணளவு வேண்டாம், மருந்து பாட்டிலோடு வருகிற அளவு மூடியை வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கேனில் கலந்து, குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். இரவல் வாங்கிப் போன ஒரு சொந்தக்காரர் பைக்குக்கு வாங்கிய வெறும் பெட்ரோலை ஊற்றினார். அரை மணி நேரம்கூட ஓடவில்லை. கயிற்றை இழுத்தால் வரவில்லை, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் செலவில் ஒரு நல்ல ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாம்.

கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், அதில் ஆயில் இருக்காது. நான் 2 வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குகிறேன். வேலை முடிந்து ஓரம் கட்டும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, மிஷினைத் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். கார்புரேட்டரில் மிச்சம் தங்கினால் உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் சவ்வு விறைத்துப்போய்விடும், அடுத்த சீசனில் கயிறு இழுத்தே தோள் போய்விடும். இன்னொன்று, கலந்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வரப்பில் வைக்காதீர்கள். வெயிலில் தாகத்தோடு வருகிறவன் மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் பார்ப்பான்.

கொறங்காட்டில் பங்குனி சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். சைலன்சர் தொட்டால் தோல் உரியும் சூடு. ஒரு நாள் அவசரத்தில் சூட்டோடு பெட்ரோல் ஊற்றினேன். நாலு சொட்டு சைலன்சர் மேல் விழுந்து குப்பென்று வெள்ளைப் புகை. தீ பிடிக்கவில்லை, அது என் புத்திசாலித்தனம் இல்லை. அன்றிலிருந்து நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத்தான் மூடியைத் திறப்பது. ஊற்றுகிற இடம் வெற்றுத் தரை, ஸ்டார்ட் செய்கிற இடம் அங்கிருந்து பத்தடி தள்ளி. சூடான மிஷினைப் புல்லின் மேல் கிடத்தாமல் நனைத்த சாக்கின் மேல் வைக்கிறோம். பசுமைக் குடிலுக்குள்ளோ, கிணற்றுக்குழிக்குள்ளோ இதை ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே இருக்காது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

தினசரிப் பராமரிப்பு பெரிய வேலை இல்லை. எங்கள் புழுதிக்கு ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சாயங்காலமும் கழற்றுகிறேன். ஸ்பான்ஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தினால் போதும். பிளக்கை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது, கரியாக ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு. இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கியர் பாக்ஸில் கிரீஸ், அலகு போல்டுகளை இறுக்குவது, மழுங்கிய அலகை அரம் போடுவது. பிட்டைத் தொடுமுன் எப்போதும் பிளக் தொப்பி கழன்றிருக்க வேண்டும்.

கை மரத்துப்போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் ராத்திரி டம்ளரைப் பிடித்தால் விரல் நுனி ஊறிக்கொண்டே இருந்தது. வருடக்கணக்கில் இப்படி அதிர்வில் வேலை செய்தால் விரல்கள் வெளுத்து உணர்ச்சி போகிற நோயே இருக்கிறது. நானும் மச்சினனும் 20 நிமிடத்துக்கு ஒரு கை மாற்றிக்கொண்டோம். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் போட்டால் பேசுவது கேட்காது. அதனால் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து என்று பேசி வைத்துக்கொண்டோம்.

எடுத்த குழியை அன்றே மூடுவது அல்லது கால் நடுவது என்பது ஒரு ஆட்டுக்குட்டி கற்றுக்கொடுத்தது. 8 அங்குலக் குழியில் முன்னங்கால் இரண்டும் போய் மாட்டிக்கொண்டு, காலையில் பார்க்கும்போது தொண்டை வறண்டு கிடந்தது. பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அன்றைக்கு நடக்கூடிய அளவு மட்டும்தான் குழி.

எல்லாம் சேர்த்து 230 காலும் 11 நாளில் நின்றன. நடுவில் என் இடுப்பு ஆறுவதற்கு 4 நாள் சும்மா இருந்தேன், அது தனிக்கணக்கு. மிஷின் இப்போது தோட்டத்துக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது, பக்கத்தில் அளவு மூடியைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் மச்சினன் அவன் தோட்டத்துக்கு வேலி போட வேண்டும் என்று இரவல் கேட்டு வந்தான்.

"மாமா, மிஷினை 2 நாளைக்குக் குடுங்க, கவனமாப் பாத்துக்கறேன்."

அவனை மேலும் கீழும் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"மொதல்ல போயி பேன்ட் போட்டுட்டு வா மாப்ளே."